காதுக்குள் ஓடிய எந்திரம்

நசீமுன்னிசா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் மத்தியானம், கணவன் அப்துல் வஹீத் சாப்பிட உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது கேட்டேவிட்டாள்.

"ஏங்க, உங்க மொதலாளி கிட்ட சொல்லி அந்தப் பட்டை மெஷினை மத்தியானத்துலயாவது கொஞ்சம் நிறுத்தச் சொல்லக்கூடாதா? காலைல கண்ணு முழிச்சதுல இருந்து உம்முனு ஒரே இரைச்சல். தலை கனத்துப் போவுது."

ஆம்பூரில் அவர்கள் குடியிருந்த தெருவின் கோடியில்தான் வஹீத் வேலை பார்த்த டேனரி இருந்தது. பதம் போட்டு முடிந்த தோல்களைத் தடவிப் பார்த்து முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிப்பது அவன் வேலை. தோலைப் பதப்படுத்தும் ஆவாரம் பட்டையை இடித்துப் பொடியாக்க முதலாளி நாலு வருஷத்துக்கு முன்னால் எண்ணெய் எஞ்சினில் ராப்பகலாக ஓடும் ஓர் எந்திரம் வாங்கிப் போட்டிருந்தார். அது வந்த நாளிலிருந்து நசீமுன்னிசாவுக்கும் அதற்கும் தீராத பகை. அந்த இரைச்சலில் குழந்தை கூப்பிடுவதுகூடக் கேட்பதில்லை என்று தினம் ஒரு தடவையாவது அதைத் திட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

வஹீதின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எந்த மெஷினு?"

"எந்த மெஷினா? உங்க மெஷினுதான். இதோ இப்ப ஓடுதே."

"பெல்ட்டு அறுந்து மெஷின் நின்னு நாலு நாள் ஆச்சு, நசீமு. மெட்ராஸ்ல இருந்து புது பெல்ட்டு வரணும்னு ஆளுங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க."

அவன் கேலி செய்கிறான் என்று நினைத்து நசீமுன்னிசா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு விடுவிடுவென்று மாடிக்கு ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் டேனரியின் முற்றம் முழுதும் தெரியும். எந்திரக் கொட்டகையின் புகைக்குழாயில் புகை இல்லை. குழாயின் வாயில் ஒரு காகம் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் இரண்டு ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் அப்படியே, ஒரு பிசிறு குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தினாள். தெருவில் போன மாட்டு வண்டியின் கடகடப்பு மறைந்தது. உம்மென்ற அந்த ஓசை மறையவில்லை. இன்னும் கிட்டத்தில் வந்தது. இன்னும் பெரிதாயிற்று.

அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே எச்சில் கையோடு ஏறி வந்த வஹீத், "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று கேட்டது அவளுக்கு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அது வெளிய இல்லீங்க," என்றாள். "எனக்குள்ள ஓடுது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. மாமியார் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி ஊதிய தண்ணீரை ஏழு நாள் குடித்தாயிற்று. யுனானி ஹக்கீம் நாடி பிடித்துப் பார்த்து, மூளையில் காற்று தங்கியிருக்கிறது என்று சொல்லி, வாயில் வைக்க முடியாத ஒரு லேகியத்தைக் கொடுத்தார். சத்தம் அசையவில்லை. கனத்த வண்டு ஒன்று வாய் குறுகிய செம்புக்குள் விழுந்து, வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பதுபோல் அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

வஹீதுக்கு வேறொரு பயம். டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பக்தவச்சலம் என்பவர் காதில் இரைச்சல் என்று சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் தலைக்குள் கட்டி வந்து, ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். இதை வஹீத் மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போதும் தொழும்போதும் அவள் முகத்தையே பார்த்தான். அவள் தடுமாறி நடந்தால், பாத்திரம் கை நழுவினால், அவன் முகம் வெளுத்துப் போகும்.

நசீமுன்னிசாவுக்கும் தனியாக ஒரு பயம் இருந்தது. தலையில் கட்டி என்றால் கூட அவள் இத்தனை நடுங்கியிருக்க மாட்டாள். இந்தச் சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று அவள் நாள் எண்ணிப் பார்த்தாள். எந்திரம் வந்த பிறகு என்று இத்தனை நாள் நினைத்தது பிசகு. இரண்டாவது பிள்ளை பிறந்து, நாற்பதாம் நாள் தலைக்குக் குளித்த அன்று ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் முதன்முதலாக அதைக் கேட்டாள். அந்தப் பிள்ளை பிறப்பதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், தன் கூடப்பிறந்த அக்காவைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்.

அக்காவின் பெயர் சைரா. எட்டு வயது மூத்தவள். வாணியம்பாடியில், ஒரு டேனரியில் மேஸ்திரியாக இருந்த கவுஸ் பாஷாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் டேனரியின் சுண்ணாம்புக் குழிகள். பச்சைத் தோலில் முடி கழலுவதற்காக ஊறப்போடும் குழிகள் அவை. பெரியவர்களுக்கு இடுப்பளவுதான் ஆழம். ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்கள் எல்லாம் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில், திறந்து கிடந்த பின்கதவு வழியாகச் சைராவின் கடைசிப் பிள்ளை முனீர் வெளியே போய்க் குழியில் விழுந்துவிட்டான். மூன்று வயது. குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "அம்மி, அம்மி" என்று தாயைக் கூப்பிட்டு வெகுநேரம் கத்தியிருக்கிறான். மூன்று வீடு தள்ளிக் காய்ச்சலில் படுத்திருந்த ஒருத்தி அந்தக் கதறலைக் கேட்டு எழுந்து ஓடி வந்து தூக்கினாள். உடம்பெல்லாம் வெந்து போயிருந்தது. மறுநாள் விடிவதற்குள் பிள்ளை போய்விட்டான்.

பெற்றவள் பத்தடி தூரத்தில், சமையல்கட்டில், பின்கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் திரும்பினாளாம். "கேக்கலியா? கேக்கலியா?" என்று ஊரே கேட்டதற்கு, "கேக்கல" என்ற ஒற்றை வார்த்தைக்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. யார் நம்புவார்கள்?

சைரா ஏற்கெனவே ராங்கிக்காரி என்று பெயர் வாங்கியவள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திரும்பினாலும், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காதபடி நவாபு வீட்டுப் பெண் மாதிரி மெல்லத்தான் பேசுவாள்.

மூன்றாம் நாள் துக்கத்துப் பாத்திஹாவுக்கு வந்திருந்த நசீமுன்னிசா, நிறைமாத வயிறோடு, பெண்கள் எல்லோரும் இருக்கும்போது அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"மூணு வீடு தள்ளிப் படுத்திருந்தவளுக்குக் கேட்ட சத்தம் பெத்தவளுக்குக் கேக்கலியா ஆபா? கேட்டும் எந்திரிக்க சோம்பல் பட்டியா? நீயெல்லாம் ஒரு தாயா?"

சைரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு வருஷமாக அக்காவும் தங்கையும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

'அவளோட ஆஹ் பட்டுடுச்சு' என்று நசீமுன்னிசா முடிவு கட்டிவிட்டாள். வயிறெரிந்தவளின் பெருமூச்சு வீணாகப் போகாது என்று அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். கேட்காத காதைப் பழித்தாயே, உன் காதைப் பார் என்று ஆண்டவன் எந்திரத்தை உள்ளே ஓடவிட்டிருக்கிறான். இதற்கு ஹக்கீம் என்ன செய்வார்? அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாளுக்கு நாள் இளைத்தாள்.

வஹீத்தான் ஒருநாள், "இனிமே பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வேலூர்ல லேடி டாக்டருங்க இருக்காங்க. பொம்பளைங்க கிட்ட காட்ட இன்னா கூச்சம்? நாளைக்குக் காலை வண்டிக்குக் கிளம்பு," என்றான்.

காட்பாடி வரைக்கும் ரயில். அந்த ரயிலில் ஓர் அதிசயம் நடந்தது. சக்கரங்கள் தடதடவென்று அதிர, எதிரே உட்கார்ந்திருந்த குடியாத்தத்து நெசவுக்காரப் பெண்கள் இருவர் தங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசியது நசீமுன்னிசாவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. வஹீத் வாய்க்குள் முணுமுணுத்ததுகூடக் கேட்டது. வீட்டில் இப்படித் துல்லியமாகக் கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. காற்று மாறியதும் குணமாகிறதோ என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள். காட்பாடியில் இறங்கி ஜட்காவுக்குக் காத்திருந்தபோது செம்புக்குள் வண்டு மறுபடி இரையத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் ஆண்களை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவளைப் பார்த்த டாக்டர் அமிர்தவள்ளி நாற்பது வயதிருக்கும் தமிழ்ப் பெண்மணி. வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி. காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, சவ்வு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு இரண்டு காலுள்ள ஓர் இரும்புக் கவையை எடுத்து முழங்கையில் தட்டினார். அது அதிர்ந்தது. அதைக் காதுக்கு முன்னால் பிடித்தார்.

"கேக்குதாம்மா?"

"லேசா."

அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஊன்றினார். நசீமுன்னிசா திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். மண்டைக்குள்ளேயே மணி அடித்த மாதிரி இருந்தது.

"இங்க ஜாஸ்தியா கேக்குது இல்ல?" என்று டாக்டர் சிரித்தார். "ரயில்ல வந்தியா? ரயில் ஓடறப்ப மத்தவங்க பேசறது நல்லாக் கேட்டிருக்குமே?"

நசீமுன்னிசாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டரம்மா?"

"இந்தக் காதுங்க எல்லாம் அப்படித்தான். அமைதியில கேக்காது, இரைச்சல்ல கேக்கும். இந்த உம்முங்கற சத்தம் பிள்ளை பெத்த பிறகு வந்துதா?"

"ஆமா. ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம்."

டாக்டர் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராகப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். காதுக்குள்ளே அரிசியைவிடச் சின்னதாக ஓர் எலும்பு இருக்கிறது. சத்தம் வந்தால் அது அசைய வேண்டும். சிலருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகி ஒட்டிக்கொள்கிறது. வெளிச்சத்தம் உள்ளே போகாது, வெளியே இல்லாத ஒரு சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. ஆனால் மருந்தும் இல்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் கொஞ்சம் கூடும்.

"இது சாபத்தால வர்றதா டாக்டரம்மா? யாராவது வயிறெரிஞ்சு..."

"அதெல்லாம் இல்லம்மா. இது குடும்பத்து ரத்தத்துல வர்றது. உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கணுமே?"

"யாருக்கும் இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாரு. காது கேக்காதவங்க முக்கால்வாசிப் பேரு கேக்கலன்னு சொல்ல மாட்டாங்க. கூப்பிட்டா திரும்பாதவங்க யாராவது? பேசறப்ப நம்ம வாயையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்க ரொம்ப மெதுவாப் பேசுவாங்க. அவங்க குரல் அவங்களுக்கு எலும்பு வழியா பெருசாக் கேக்கும், அதனால. ஊரு அவங்களத் திமிரு புடிச்சவங்கன்னு சொல்லும்."

நசீமுன்னிசா நாற்காலியின் கையைப் பிடித்தாள். சுவரில் இருந்த கடிகாரம், டாக்டரின் கண்ணாடி, மேஜைமேல் கிடந்த இரும்புக் கவை எல்லாம் ஒருதரம் சுற்றி நின்றன. எதிரே சைராவின் முகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூட்டத்தின் நடுவில் அவள் பார்த்த பார்வை. நசீமுன்னிசாவின் கண்களை அல்ல, வாயைப் பார்த்த பார்வை.

"யா அல்லாஹ்," என்றாள். டாக்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடிக்கவில்லை.

வேப்பமரத்தடியில் வஹீத் ஓடி வந்தான். "இன்னா சொன்னாங்க? கட்டியா?"

"கட்டி இல்ல. சாவ மாட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்புறம் ஏன் இப்படி மொகம் வாடிக் கெடக்கு?"

அவள் ஜட்காவில் ஏறி உட்கார்ந்தாள். ஆம்பூர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. வஹீத் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"எந்திரி, ஊரு வந்துடுச்சு."

"நான் இறங்கல. வாணியம்பாடி போவணும்."

"வாணியம்பாடிக்கா? யாரு வீட்டுக்கு?"

"ஆபா வீட்டுக்கு. அவளுக்குக் கேக்கலீங்க. அன்னைக்கு நெஜமாவே அவளுக்குக் கேக்கல."

வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. வஹீத் பையோடு அப்படியே உட்கார்ந்தான்.

வாணியம்பாடியில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கவுஸ் பாஷாவின் வீட்டு வாசல்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. நாலு தடவை தட்டியும் யாரும் வரவில்லை. வஹீதை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நசீமுன்னிசா உள்ளே போனாள். பின்கட்டில், அடைத்து ஆணி அடிக்கப்பட்ட பின்கதவுக்கு முதுகைக் காட்டி, சைரா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பதுகூட ஆகவில்லை. காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

மூன்றடி தூரத்தில் நின்று, "ஆபா," என்றாள் நசீமுன்னிசா.

சைராவின் விரல்கள் கீரையை உருவிக்கொண்டிருந்தன.

"ஆபா!"

உருவின விரல் நிற்கவில்லை. நசீமுன்னிசா நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "ஆபா!" என்று வீடு அதிரக் கத்தினாள். கூரையில் இருந்த புறா படபடத்துப் பறந்தது. வாசலில் வஹீத் "இன்னா?" என்று பதறினான். சைரா ஒரு காம்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள்.

தரையில் விழுந்த நிழலைக் கண்டுதான் அவள் திரும்பினாள். தங்கையைப் பார்த்ததும் முறம் சரிந்தது. யார் செத்துப் போனார்கள் என்று கேட்பதுபோல் அவள் கண் விரிந்தது.

நசீமுன்னிசா அவள் முன்னால் முழந்தாளிட்டாள். முகத்துக்கு நேராக, டாக்டர் பேசினது மாதிரியே நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"உன் காதுக்குள்ள சத்தம் கேக்குதா ஆபா? உம்முனு? ஓயாம?"

சைரா அவள் உதடுகளையே பார்த்தாள்.

"உனக்கு யாரு சொன்னா?" என்றாள் பிறகு. அதே மெல்லிய குரல். திமிர் என்று ஊர் சொன்ன குரல்.

"எனக்கும் கேக்குது. நாலு வருஷமா."

சைரா கையை நீட்டித் தங்கையின் காதைத் தொட்டாள். சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். "உனக்குமா?" என்றாள். "உனக்கு வரக்கூடாதுன்னு நான் கேக்காத துவா இல்லியே."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. சைராவுக்கு அது இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்ததாம். முதலில் பயந்துபோய்த் தாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். தாய் அவள் வாயைப் பொத்தி, "வெளிய மூச்சு விடாத. செவிட்டு வம்சம்னு பேரு வந்துட்டா நசீமுவை யாரு கட்டுவாங்க? அவ நிக்காஹ் முடியற வரைக்கும் சமாளிச்சுக்கோ," என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நிக்காஹ் முடிந்த வருஷமே தாய் போய்விட்டாள். அப்புறம் சொல்ல நா எழவில்லை. வாயைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகிவிட்டாள். பின்னால் இருந்து கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அவள் ராங்கிக்காரி.

நசீமுன்னிசாவுக்குத் தன் கல்யாணப் புடவை, வளையல், வஹீதின் வீடு, இரண்டு பிள்ளைகள் எல்லாம் கண்முன் வந்தன. அத்தனைக்கும் இவள் காது விலை போயிருக்கிறது.

"முனீர் போனப்பவாவது சொல்லியிருக்கலாமே ஆபா! காது கேக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அப்ப சொன்னா சாக்கு சொல்றான்னுதான சொல்லியிருப்பீங்க?" சைரா தரையைப் பார்த்தாள். "எனக்கே சந்தேகம் நசீமு. அன்னைக்கு அந்தச் சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு. புள்ள அழுதது அதுக்குள்ளதான் இருந்துச்சோ இன்னாவோ. தினமும் உக்காந்து அந்த உம்முக்குள்ள தேடிப் பாக்குறேன். அம்மின்னு கேக்குதான்னு."

நசீமுன்னிசா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் சொன்ன வார்த்தை... அன்னைக்கு நான் சொன்னதாவது உன் காதுல விழாம போயிருக்கணும்."

"காதுல விழல," என்றாள் சைரா. "ஆனா நீ எதிர்ல வந்து நின்னு சொன்ன. அன்னைக்கு அத்தனை பேரு பேசினதுல, நீ சொன்னது ஒண்ணுதான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது."

அந்த நேரத்தில் கவுஸ் பாஷா டேனரியிலிருந்து வந்தான். வாசலில் வஹீத் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். முகம் கடுகடுவென்றிருந்தது. பின்கட்டு வாசற்படியில் நின்றுகொண்டான். சைரா மறுபடி குனிந்து, சரிந்த கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவன் வந்ததை அவள் பார்க்கவில்லை. பிள்ளை செத்த நாளிலிருந்து அவன் மனைவியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மச்சான், அவளுக்குக் காது கேக்காது," என்று நசீமுன்னிசா எழுந்து நின்று சொன்னாள். "வேலூர் டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கும் அதே வியாதிதான்."

"சும்மா சொல்லாத," என்றான் கவுஸ் பாஷா. "அவளுக்கு வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது. ரயில்ல போறப்ப நான் முணுமுணுத்தாக்கூடப் பதில் சொன்னவ அவ. இவளா செவிடி?"

"ரயில்லதான் மச்சான் கேக்கும்! எனக்கும் ரயில்லதான் கேட்டுச்சு. இந்த வியாதியே அப்படித்தான்னு டாக்டரம்மா நான் சொல்றதுக்கு முன்னாடியே சொன்னாங்க."

அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. மனைவியின் முதுகைப் பார்த்தான். இரண்டடி முன்னால் வந்தான். நாலு வருஷம் சொல்லாத பெயரை வாய்விட்டுச் சொன்னான்.

"சைரா."

அவள் கீரையை அள்ளினாள்.

"சைரா, இங்க பாரு."

முறத்தைத் தட்டிச் சமன் செய்தாள். கவுஸ் பாஷா இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தான். அடுத்து அவன் சொன்னதை நசீமுன்னிசா கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

"சைரா, முனீர் வந்துட்டான். வாசல்ல நிக்கிறான்."

நசீமுன்னிசா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உலகத்தில் எந்தத் தாயும் அந்த வார்த்தைக்குத் திரும்பாமல் இருக்க முடியாது. சைரா பழுத்த இலை ஒன்றைப் பார்த்துப் பொறுக்கி, தனியே எடுத்து வைத்தாள்.

கவுஸ் பாஷா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். ஆறடி ஆள். தலைப்பாகை கழன்று உருண்டது. அவன் எழுப்பிய ஓலத்துக்கு வஹீத் உள்ளே ஓடி வந்தான், அண்டை வீட்டார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அவன் எதிரே போய் விழுந்த பிறகுதான் சைரா நிமிர்ந்தாள். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னா? இன்னா ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இன்றுவரை அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் கவுஸ் பாஷா, அன்று ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினவள் வீட்டுக்கும், நடுவில் இருந்த இரண்டு வீடுகளுக்கும் தானே போய், "என் பொண்டாட்டிக்குக் காது கேக்காது. அன்னைக்கும் கேக்கல," என்று சொல்லிவிட்டு வந்தான். அவளை வேலூருக்கும் அழைத்துப் போனான். நசீமுன்னிசாவுக்குச் சொன்னதையேதான் டாக்டர் அமிர்தவள்ளி அவளுக்கும் எழுதிக் காட்டினார். மருந்து இல்லை.

நசீமுன்னிசாவின் சத்தம் போகவில்லை. அக்காவின் ஆஹோ என்ற பயம் மட்டும் போயிற்று. அந்த இடத்தில் தான் சொன்ன வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. மாதத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போனாள். ஒருநாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது சைரா கையைக் காட்டித் தடுத்தாள்.

"மாப்பு கேக்காத நசீமு. கேட்டா குடுக்கணும். எனக்கு இன்னும் அந்தத் தெம்பு வரல. நீ வந்துக்கிட்டு இரு."

அந்த வருஷத்து ரம்ஜான் பெருநாளைக்குச் சைரா ஆம்பூருக்கு வந்தாள். வீடு நிறையப் பெண்கள். பின்னால் இருந்து யாரோ இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் திரும்பாததைப் பார்த்து, வஹீதின் அத்தை, "இன்னும் அந்த ராங்கி போகல பாரு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

நசீமுன்னிசா கையிலிருந்த சேமியாத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ராங்கி இல்ல," என்றாள், கூடம் முழுதும் கேட்கும்படி. "எங்க ஆபாவுக்குக் காது கேக்காது. எனக்கும் பாதி போய்டுச்சு, மீதியும் போவும். எங்க குடும்பத்து ரத்தத்துல இருக்கு. எங்ககிட்ட பேசறவங்க முன்னாடி வந்து நின்னு பேசுங்க."

மாமியார் மூலையில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி வஜீதாவைப் பார்த்தாள். நசீமுன்னிசாவின் மூத்த பெண், ஏழு வயது. எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பிற்று.

விருந்து முடிந்து வஹீத் மனைவியைத் தனியாக அழைத்தான். கோபம் இல்லை. கலங்கிப் போயிருந்தான்.

"இத்தனை பேரு நடுவுல ரத்தத்துல இருக்குன்னு சொல்லிட்டியே. நாளைக்கு வஜீதாவை யாரு கட்டுவாங்க? அதை யோசிச்சியா?"

"யோசிச்சுத்தான் சொன்னேன்," என்றாள் நசீமுன்னிசா.